உள்கன்னம்

ஜனவரி 20, திங்கள்

அரிசி மண்டிக்காரர் அப்பாவுக்குக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே கடைப் பெயர், கீழே ராகு காலம். அப்பா தனக்கு எழுத ஒன்றும் இல்லை என்று என்னிடம் தூக்கிப் போட்டார். எனக்கு நிறைய இருக்கிறது. பெரும்பாலும் எனக்குப் பிடிக்காத விஷயங்கள்.

இன்று அறிவியலில் செல் பாடம் தொடங்கியது. ஜெசிந்தா டீச்சர் ஒரு வெங்காயம் கொண்டு வந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு வெறுத்துப் போனது. சமையல் மாஸ்டர் மகளாகப் பிறந்தவள் பள்ளிக்கூடத்திலாவது வெங்காயத்திடமிருந்து தப்பிக்கலாம் என்று பார்த்தால் அங்கேயும் வந்து நிற்கிறது. டீச்சர் உள்தோலை மெல்லிசாக உரித்து, சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு முழுக்க வரிசையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தோம். செங்கல் சுவர் மாதிரி அறை அறையாகத் தெரிந்தது. ஒவ்வொரு அறையும் ஒரு செல். அறைக்குள் ஒரு புள்ளி. அதுதான் உட்கரு, செல்லுக்கு என்ன வேலை என்று சொல்லுவது அதுதான் என்றார் டீச்சர். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அழகு அதோடு முடிந்தது. நாளைக்கு நம் வாய்க்குள் இருக்கிற செல்லைப் பார்க்கப் போகிறோமாம். ஆளுக்கு ஒரு ஐஸ் குச்சி, புதுசாகக் கொண்டு வர வேண்டுமாம். உள்கன்னத்தைச் சுரண்டி, அந்த எச்சிலைக் கண்ணாடித் துண்டில் தடவி, அதை எல்லோரும் பார்க்க வேண்டுமாம். வகுப்பே உவ்வே என்றது. நான்தான் முதலில் சொன்னேன்.

எனக்கு எச்சில் என்றாலே ஆகாது. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது. பழைய நெய் டப்பா. அப்பா நாள் முழுக்கப் பாக்கும் புகையிலையும் போட்டுக் குதப்பி அதில்தான் துப்புவார். சாயங்காலம் அதைக் கொண்டுபோய் வாறுகாலில் கொட்டிக் கழுவி வைப்பது என் வேலை. ஒன்பது வயதில் என் தலையில் கட்டினார்கள். அம்மாவிடம் கேட்டால், "கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டேன். சோறு பொங்குவேன், துணி துவைப்பேன், துப்புனத அள்ள மாட்டேன்" என்பாள். நான் அப்படி எதையும் சொல்லிவிட்டுப் பிறக்கவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

எல்லோருக்குமான குச்சிகளை என் சிநேகிதி ரிஸ்வானாவே கொண்டு வந்தாள். அவள் அத்தா வண்டியில் குச்சி ஐஸ் விற்கிறார், வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது.

முதலில் வாய் கொப்பளிக்க வேண்டும். பிறகு குச்சியால் உள்கன்னத்தை மெதுவாகத் தேய்க்க வேண்டும். அதைக் கண்ணாடியில் தடவி, காய்ந்ததும் நீலச் சாயம் ஒரு சொட்டு. யாருடையதை முதலில் வைப்பது என்று டீச்சர் கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தோம். ரிஸ்வானாதான் போனாள். அவளுக்குக் கூச்சமே கிடையாது, என் டிபன் பாக்ஸில் கேட்காமலே கை விடுகிறவள்.

பார்த்தேன். பிய்த்துப் போட்ட தோசை மாதிரி ஓரம் மடங்கி, வெளிறிய நீலத்தில் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. நடுவில் கருநீலப் பொட்டு. வெங்காயத்துக்கு இருக்கிற செல் சுவர் நமக்குக் கிடையாது, மெல்லிய சவ்வு மட்டும்தான், அதனால்தான் இப்படித் தொளதொள என்று இருக்கிறது என்றார் டீச்சர். பிறகு என்னுடையதைப் பார்த்தேன். ரிஸ்வானாவுடையதற்கும் என்னுடையதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவள் அதற்குச் சந்தோஷப்பட்டாள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

டீச்சர் சொன்ன இன்னொரு விஷயம்தான் மகா கேவலம். கன்னத்தின் உள்தோல் தினமும் உதிர்ந்துகொண்டே இருக்குமாம். அடியிலிருந்து புதுச் செல் பிரிந்து மேலே வருமாம், பழையது எச்சிலோடு தொண்டைக்குள் போய்விடுமாம். அதாவது நாம் ஒவ்வொரு நாளும் நம்மையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறோம். மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை. என் பங்கையும் ரிஸ்வானா சாப்பிட்டாள்.

ஜனவரி 23, வியாழன்

தை மாதம். அப்பாவுக்கு மூச்சு விட நேரமில்லை. அருப்புக்கோட்டையில் எந்த மண்டபத்தில் கல்யாணம் என்றாலும் பாதிக்கு மேல் "சௌந்தரபாண்டி மாஸ்டர்தான்" என்பார்கள். அவர் ரசம் வைத்தால் டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி கேட்பார்கள்.

அந்த மனுஷன் வீட்டில் சாப்பிடுகிற லட்சணத்தைப் பார்க்க வேண்டும். தயிர்ச் சோற்றைக் கூழாகப் பிசைந்து, சின்னச் சின்ன உருண்டையாக உதட்டுக்கு நடுவில் தள்ளுகிறார். பாதி ஓரத்தில் வழிகிறது. துண்டால் துடைக்கிறார். மறுபடி வழிகிறது. என்னால் எதிரில் உட்கார முடியவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

"ஊருக்கெல்லாம் காரம் அள்ளிப் போடுறவருக்கு வீட்ல பச்சப்புள்ள சோறு" என்றாள் அம்மா.

"வாய்ப்புண்ணு. சூடு" என்றார் அப்பா.

தீபாவளியிலிருந்து அதே சூடுதான். மோரும் இளநீரும் குடித்துத் தீராத சூடு என்ன சூடோ.

ஜனவரி 24, வெள்ளி

அறிவியல் கண்காட்சிக்கு நானும் ரிஸ்வானாவும் ஜோடி. "எங்கள் வீட்டுச் செல்கள்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறாள் அவள். வீட்டில் எல்லோர் கன்னத்தையும் சுரண்ட வேண்டும். நல்ல தலைப்பு கிடைத்தது.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது.

காலையில் பள்ளியில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். வாசலில் நெல்லிக்காய்க்காரப் பாட்டி இருந்தாள். கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் அடைத்த பெரிய நெல்லிக்காய். நானும் ரிஸ்வானாவும் நாக்கு மரத்துப் போகிற வரைக்கும் தின்றோம். அங்கிருந்து நேராக மண்டபத்துக்கு ஓடினேன், அப்பா வரச் சொல்லியிருந்தார்.

எதற்கு என்றால், ருசி பார்க்க. இது கொஞ்ச நாளாக நடக்கிறது. முன்பெல்லாம் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றி அவரே நக்கிப் பார்ப்பார். இப்போது லீவு நாள் என்றால் நான் போக வேண்டும். மற்ற நாளில் தூக்குவாளியில் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அம்மாவைக் கேட்பார். அவருடைய ஆட்களைக் கேட்கலாமே என்றால், நாலு பேர் வாயிலும் பாக்குதான். காய் வெட்டுகிற பேச்சியம்மா அக்கா முதற்கொண்டு குதப்பிக்கொண்டுதான் இருக்கிறாள். அந்தச் சமையல்கட்டில் சுத்தமான நாக்கு என்று பார்த்தால் என்னுடையது ஒன்றுதான்.

"பாப்பா, உப்பு பாரு" என்று அப்பா ரசத்தைக் கையில் ஊற்றினார்.

பார்த்தேன். சப்பென்று இருந்தது. "உப்பே இல்லப்பா" என்றேன்.

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். "நல்லாப் பாத்துச் சொல்லுத்தா" என்றார். நான் மறுபடி நக்கிவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்தேன். அறுநூறு பேருக்கான அண்டா. இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினார். பிறகு நான் தண்ணீர் குடித்தேன். தண்ணீர் இனித்தது. அப்போதுதான் நெல்லிக்காய் ஞாபகம் வந்தது. அதற்குள் அண்டாவைப் பந்திக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

முதல் பந்தியில் பாதிப் பேர் ரசத்தை இலையிலேயே விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சமையல்கட்டுக்கே வந்து, "மாஸ்டர், கடல்ல மோந்து ஊத்துனீங்களா? வாயில வச்சுப் பாத்தீங்களா இல்லியா?" என்று கேட்டார். அத்தனை பேர் முன்னால்.

அப்பா என்னைக் காட்டவில்லை. "தப்பு என்னோடதுங்கய்யா" என்று மட்டும் சொன்னார். பிறகு புளித்தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் ஊற்றி எப்படியோ சரிக்கட்டினார்கள்.

எனக்கு என் நாக்கை நினைத்தாலே குமட்டுகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் ஏன் ஒரு சொட்டு வாயில் விட்டுப் பார்க்கவில்லை? ஒரே ஒரு சொட்டு.

ஜனவரி 27, திங்கள்

அம்மா காலையிலிருந்து பாத்திரங்களோடு சண்டை போட்டாள்.

டப்பாவைக் கொட்டும்போது பார்த்தேன். வழக்கத்தைவிடச் சிவப்பு. பாக்குச் சிவப்பு எனக்குத் தெரியும், நாலு வருஷமாகக் கொட்டுகிறேன். நான் ஒன்றும் வேண்டுமென்று உற்றுப் பார்க்கவில்லை.

ஜனவரி 29, புதன்

டீச்சர் கண்ணாடித் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் தடவிக் காயவைத்துக் கொண்டு வந்தால் பள்ளியில் சாயம் போட்டுக்கொள்ளலாம்.

அம்மா முதலில். குச்சி பட்டதும் ஓங்கரித்தாள், "என்னடி படிப்பு இது" என்று திட்டினாள், ஆனாலும் கொடுத்தாள். வேலை முடிந்தது.

அப்பா கட்டிலில் படுத்திருந்தார். "எனக்கெதுக்குத்தா" என்றார். மார்க் போய்விடும் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுந்து கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். உதடு விலகியது, பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

"நல்லாத் தொறங்கப்பா."

"தொறந்துதான் இருக்கேன்."

"ஆஆன்னு தொறங்க."

"இவ்வளவுதான் ஆத்தா வரும்" என்றார். பல்லுக்கு நடுவே வார்த்தை நசுங்கி வந்தது.

குச்சியைப் படுக்கைவசமாகத்தான் உள்ளே விட முடிந்தது. என் சுண்டு விரல் போகும், பெருவிரல் போகாது. அம்மா டார்ச் அடித்தாள். உள்கன்னம் எனக்கும் அம்மாவுக்கும் சிவப்பாக, ஈரமாக இருந்தது. அப்பாவுக்கு வெள்ளை. காய்ச்சிய பாலில் ஆடை படிந்த மாதிரி. குச்சியால் தொட்டால் உள்ளே போகவில்லை, விறைப்பாக நின்றது. வாடை தாங்கவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். குச்சி முனையில் ரத்தம் ஒட்டியது.

"எரியுதாப்பா?"

"இல்லத்தா" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

டார்ச்சை அணைத்துவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள். நான் கிடைத்ததைக் கண்ணாடியில் தடவிவிட்டு இரண்டு முறை பல் விளக்கினேன். என் வாயில் அல்ல குச்சி போனது, தெரியும். ஆனாலும் விளக்கினேன்.

ஜனவரி 30, வியாழன்

என்னுடையது தோசை. அம்மாவுடையது தோசை. ரிஸ்வானா வீட்டில் அவள் அத்தா, உம்மா, தம்பி எல்லோரும் தோசை. அப்பாவுடையதில் ரொம்பத் தேடித்தான் நாலைந்து கிடைத்தது. மற்றதெல்லாம் ரத்தத்தின் சின்ன வட்டங்கள்.

"இது யாரோடது?" என்று டீச்சர் கேட்டார்.

"மாமாவோடது" என்றேன். ரிஸ்வானா என்னைப் பார்த்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

"இத வச்சு நாம ஒன்னும் சொல்ல முடியாது. மாமா பாக்கு போடுவாரா?"

தலையாட்டினேன்.

டீச்சர் மூன்று விரலைச் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, தன் வாய்க்குள் வைத்துக் காட்டினார். நாங்களும் வைத்தோம். எல்லோருக்கும் போனது. "மாமாவுக்கு எத்தனை விரல் போகும்?"

நான் மறுபடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

"பாக்கு போடப் போடக் கன்னம் உள்ளுக்குள்ள இறுகிடும். காரம் பட்டா எரியும். அந்த இடத்துல செல்லுக்கு எப்பப் பிரியணும், எப்ப நிறுத்தணும்னு தெரியாமப் போகலாம். போகும்னு சொல்லல, போகலாம். மாமாவப் பல் டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லு, தள்ளிப் போடாம" என்றார். அதற்கு ஒரு பெயரும் சொன்னார். அந்த வார்த்தையை இந்த டைரியில் எழுதப் போவதில்லை.

கண்காட்சிக்கு அப்பாவுடையது வேண்டாம் என்று ரிஸ்வானாவே எடுத்துத் தனியாக வைத்தாள். டீச்சர் எல்லாக் கண்ணாடியையும் கழுவித் தரச் சொல்லியிருக்கிறார். அப்பாவுடையதை நான் இன்னும் கழுவவில்லை. சோம்பல்தான். காகிதத்தில் சுற்றி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 31, வெள்ளி

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

பிப்ரவரி 1, சனி

அப்பாவிடம் சொன்னேன். டீச்சர் சொன்னது அத்தனையும், அந்த வார்த்தை தவிர. கேட்டுக்கொண்டே பாக்குப் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினார். கேட்டுக்கொண்டே அதை நசுக்கினார். என் கண் முன்னாலேயே உதட்டுக்குள் அதக்கினார்.

"சீசன் முடியட்டும்த்தா. பதினாறாம் தேதி பெரிய கல்யாணம் ஒத்துக்கிட்டிருக்கேன். பங்குனியில சும்மாதான இருப்பேன், அப்பப் போவோம்."

"பங்குனி வரைக்கும் செல்லு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?"

"என்ன பேச்சுப் பேசுறா பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். சிரித்தார். ஓரத்தில் சிவப்பாக வழிந்தது.

எனக்கு இவ்வளவு அருவருப்பு யார்மேலும் வந்ததில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கெளம்புத்தா, இன்னைக்கு மண்டபம் பக்கத்துலதான்" என்றார்.

"நான் வரல."

"ருசி பாக்கணும்ல."

"ஆஸ்பத்திரிக்கு வந்தாத்தான் நாக்க நீட்டுவேன். அதுவரைக்கும் உங்க ரசத்த நீங்களே பாத்துக்கோங்க."

"அம்மாவுக்குத் தூக்குவாளி குடுத்து விடுறேன்" என்றார். அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டாமலே, "எனக்கும் நாக்கு சரியில்ல" என்றாள். அம்மாவை அதற்காக எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

அப்பா போய்விட்டார். நான் பாட்டுக்கு வீட்டுப்பாடம் எழுதினேன். செல்லின் படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவை நாலு தடவை அழித்து வரைந்தேன், அவரைக்காய் மாதிரியே வந்தது.

மத்தியானம் அவரை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள். ரசத்தை அவரே கையில் ஊற்றி நக்கியிருக்கிறார். மிளகு பட்டதும் அண்டா பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். பேச்சியம்மா அக்காதான் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வாயில் வைத்திருக்கிறாள். வீட்டில் தரையில் ஈரத் துண்டால் வாயை மூடிக்கொண்டு படுத்தார். சாயங்காலம் வரை எழவில்லை.

நான் பக்கத்தில் போகவில்லை. டப்பாவைக் கொட்டப் போனேன், காலியாக இருந்தது. கழுவினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அப்பா துண்டை எடுத்துவிட்டு, "செவ்வாக்கெழம வேல இல்ல" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

மதுரைக்குப் பஸ். முன் சீட்டில் ஒரு குழந்தை ஜன்னல் வழியாக வாந்தி எடுத்து, காற்றில் பாதி என்மேல் வந்தது. நல்ல சகுனம்.

ஆஸ்பத்திரியில் பல் பிரிவில் வரிசை. வரிசையில் நின்றவர்களின் வாய்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

டாக்டர் சின்ன வயது அக்கா. அப்பாவை நாற்காலியில் சாய்த்து, மூன்று விரலை நிறுத்திப் பார்த்தார். டீச்சர் காட்டிய அதே மாதிரி. ஒன்றுதான் போனது. பிறகு ஒரு ஸ்கேல் வைத்து அளந்து எழுதினார்.

"எத்தனை வருஷமாப் போடுறீங்க?"

"சின்ன வயசுலருந்து. அடுப்படியில நிக்கிறவனுக்கு வேற என்னம்மா தொணை" என்றார் அப்பா.

"துணையா?" என்றார் டாக்டர். அப்புறம் கையுறை மாட்டினார்.

ஊசி போட்டு, உள்கன்னத்தில் துவரம்பருப்பு அளவுக்குச் சதை வெட்டி எடுத்தார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள், நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் துணுக்கை ஒரு சின்னக் குப்பியில் தண்ணீர் மாதிரி ஒன்றில் போட்டு மேலே பெயர் ஒட்டினார்கள். சௌந்தரபாண்டி, 46. அப்பாவின் ஒரு துண்டு குப்பிக்குள் மிதந்தது.

"இதையும் நீலச் சாயம் ஊத்தித்தான் பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஊதாவும் ரோஸும். உனக்கு எப்படித் தெரியும்?"

"அவதான் மொதல்ல பாத்தா" என்றார் அப்பா, வாய்க்குள் பஞ்சோடு. அதில் என்ன பெருமையோ தெரியவில்லை.

ரிசல்ட் அடுத்த புதன்கிழமை.

பிப்ரவரி 7, வெள்ளி

அப்பா மூன்று நாளாகப் பாக்கு போடவில்லை. எதைப் பார்த்தாலும் எரிந்து விழுகிறார். கை நடுங்குகிறது. ஏலக்காயை மென்று மென்று துப்புகிறார். வீடு முழுக்க ஏலக்காய்த் தோல். அதையும் நான்தான் கூட்டுகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மண்டபத்தில் அப்பாவுக்காகப் பாயசத்தை ருசி பார்த்துப் பார்த்துத் திகட்டிவிட்டது. இனி பாயசம் குடிக்கவே பிடிக்காது.

பிப்ரவரி 12, புதன்

எனக்கு லீவு போட விடவில்லை. அப்பாவும் அம்மாவும் மட்டும் போனார்கள். ஆறு பீரியடும் கரும்பலகையைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. செல் பிரிதல் நடத்தினார் டீச்சர். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். போதும் என்று எதுவோ சொல்லும்போது நிற்கும். அந்த எதுவோ என்ன என்று எழுந்து கேட்டேன். அதை இன்னும் பெரிய வகுப்பில் படிப்பாய் என்றார். இதெல்லாம் ஒரு பதிலா?

வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அழுதிருந்தாள்.

"அது இல்லயாம்டி" என்றாள் அம்மா. "இப்போதைக்கு இல்லயாம்."

புத்தகப் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மிச்சத்தை அம்மா சொன்னாள். இறுகினது இறுகினதுதான், பழைய மாதிரி ஆகாது. இன்னும் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இது அந்த நோய்க்கு வழி விடுகிற இடம். இனி ஒரு பொட்டலம் பிரித்தால் அடுத்த முறை இதே பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு பயிற்சியும் உண்டு. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து வாயைத் திறக்கப் பழக வேண்டும். கொஞ்ச நாளுக்கு ஒரு தடவை ஒரு குச்சி கூடுதலாகச் செருக வேண்டும்.

ரிஸ்வானா வீட்டுக்கு ஓடினேன். அவள் ஒரு கட்டுக் குச்சியையே தூக்கிக் கொடுத்தாள். காரணம் கேட்கவில்லை. "மாமாவுக்கா?" என்று மட்டும் கேட்டாள். "அப்பாவுக்கு" என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

குச்சிப் பயிற்சி என் பொறுப்பு. நான் அடுக்கிக் கொடுக்கிறேன், அவர் கடித்துக்கொள்கிறார். எச்சில் ஒழுகிக் குச்சி வழியாக என் மணிக்கட்டு வரை வருகிறது. உவ்வே. புறங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கூடுதலாக ஒன்றைச் செருகப் பார்த்தேன். போகவில்லை. அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

நெய் டப்பாவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். அம்மா பேரீச்சம்பழம் வாங்கச் சொன்னாள். அந்த டப்பாவுக்கு வந்த பழத்தை நான் தின்பேனா?

பிப்ரவரி 16, ஞாயிறு

பெரிய கல்யாணம். ஆயிரத்து இருநூறு பேர். நெல்லிக்காய், மிட்டாய் எதுவும் தொடாமல், வெறும் இட்லி மட்டும் தின்று, வாய் கொப்பளித்துவிட்டுப் போனேன்.

சமையல்கட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மா அக்கா என்னைப் பார்த்ததும் பார்வையைக் கத்தரிக்காய்ப் பக்கம் திருப்பினாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. "அப்பா எங்கக்கா?" என்றேன். அவள் தாடையால் பின்பக்கத்தைக் காட்டினாள்.

விறகு அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் அப்பா நின்றார். இடது கன்னம் உப்பியிருந்தது. அறுத்து எடுத்துத் தையல் போட்ட அதே கன்னம். பொட்டலக் காகிதம் காலடியில் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். "ஒன்னே ஒன்னுதான்த்தா. கூட்டம் ஜாஸ்தி. கை நடுங்குது, கரண்டியப் பிடிக்க முடியல."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் கல்யாண வீடு. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அழுகை வந்தது, அது எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. அந்த உப்பிய கன்னத்துக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பாலாடையும் எனக்குத் தெரியும், அந்த ரத்தமும் தெரியும். துவரம்பருப்பு அளவுக்கு ஒரு துண்டு குப்பியில் மிதந்ததையும் பார்த்தவள் நான்.

பக்கத்தில் போய் வலது கையை நீட்டினேன். அவர் வாய்க்குக் கீழே, உள்ளங்கையைக் குழித்து.

"துப்புங்க."

"தள்ளு, அந்தப் பக்கம் துப்பிட்டு வாரேன்."

"அந்தப் பக்கம் போனா கொஞ்சத்த வச்சுக்கிட்டுத்தான் துப்புவீங்க. இதுல துப்புங்க."

"கையிலயா? சீ, போ பாப்பா. எச்சி."

"நாலு வருசமா நான்தான கொட்டுறேன். டப்பாவுல துப்புனா மட்டும் எச்சி இல்லயா? துப்புங்கப்பா."

பேச்சியம்மா அக்காவும் ஆட்களும் வந்து நின்றுவிட்டார்கள். ஒருவரும் மெல்லவில்லை. அப்பா என் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவர் கழுத்து ஏறி இறங்கியது. விழுங்கிவிடுவாரோ என்று பயந்தேன்.

"செத்துப் போயிருவீங்கப்பா" என்றேன்.

குனிந்து துப்பினார்.

சூடாக இருந்தது. கொழகொழவென்று, சிவப்பாக, நார் நாராக. வாடை மூக்கில் ஏறியது. விரல் சந்து வழியாக ஒழுகியது. நான் கையை உதறவில்லை. அவர் வாயில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன். "இன்னும் இருக்கு" என்றேன். மறுபடி துப்பினார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

அதில் அவருடைய செல்கள் எத்தனையோ இருந்திருக்கும். உதிர்ந்தவை, இனி உதிரப் போகிறவை. கொண்டுபோய் வாறுகாலில் கொட்டினேன்.

கையைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பால் கழுவினேன். புளியால் தேய்த்தேன். எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன். வாடை போகவே இல்லை. இதை எழுதும்போதும் இருக்கிறது.

திரும்பி வந்தபோது அப்பா அடுப்பு முன்னால் நின்றார். கரண்டி நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அண்டாவில் ரசம் நுரை கட்டியிருந்தது. அவர் ஒரு கரண்டி மொண்டு, ஆறட்டும் என்று ஊதி, என்னைப் பார்த்தார். எந்தக் கையில் ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார்.

இடது கையை நீட்டினேன்.

உப்பு சரியாக இருந்தது.